ஏலத்தில் எடுத்த ஏழு

கோட்டாட்சியர் அலுவலகப் பின்சுவரில்
பெயர் தெரியாத கொடி ஏறிக் கிடந்தவை.
அரிசி கடத்திப் பிடிபட்டவை என்று
ஏலச் சீட்டில் எழுதியிருந்தது.
ஏழும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு.
கேட்க வந்தவர்கள் இரண்டே பேர்.
பழைய இரும்புக்கடை சாகுல்,
எடைக்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டார்.
இன்னொருவன் நான்.

டெம்போ வாசலில் நின்றதும்
பிரேமகுமாரி ஒன்றும் சொல்லவில்லை.
கொடியில் காய்ந்த துணிகளை மட்டும்
எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதம்
மண்ணெண்ணெய் விரல்களால் சோறு தின்றேன்.
கோட்டா பின்னை அடித்தால் தலை மழுங்கும்;
எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டால்
காலையில் ஒரே தட்டு,
பால்பல் மாதிரி விழும்.

மலைக்கு மேற்கே ஓடிய வண்டிக்கு
மழை குழாய்க்குள் இறங்கி
உள்ளிருந்து துரு.
கிழக்கே ஓடியதற்கு
வெயிலில் ரப்பர் வெடிப்பு, இரும்பு நலம்.
இவற்றுக்கோ
இரண்டு சீக்கும் இருந்தன.

ஏழிலும்
கேரியருக்கு மூன்றாவதாக ஒரு கால்,
ஐம்பது கிலோ மூட்டை உட்காரும் அகலத்துக்கு
வெல்டிங் வைத்தது.
ஏழிலும் பெல் இல்லை, டைனமோ இல்லை.
பச்சை அட்லஸைத் தலைகீழாக நிறுத்தியபோது
சீட் குழாயிலிருந்து ஒரு கை அரிசி கொட்டியது,
பாதி தூள்.
பக்கத்து வீட்டுக் கோழி நாலு கொத்து கொத்திவிட்டு
போதுமென்று போய்விட்டது.

ஞாயிற்றுக்கு ஒரு வண்டி.
புளியரை வயல்களில் சாரல் குறுக்கே அடிக்கும்.
எஸ் வளைவில் பாதி மிதி, பாதி தள்ளு.
சோதனைச் சாவடியில் என்னை நிறுத்துவதில்லை;
வயிறு தவிர மூட்டை ஏதுமில்லை.

அட்லஸ் மட்டும் ஓரிடத்தில் இடதுபக்கம் இழுக்கும்.
ரிம் கோட்டம் எடுத்தேன், போக்குக் கம்பி இறுக்கினேன்,
முன்கவைக்கு நூல் பிடித்தும் பார்த்தேன்.
அங்கே தேக்குக்குள் இறங்குகிறது ஒற்றையடிப் பாதை.
இரும்புக்கு ஞாபகம் உண்டென்று நம்புகிறவனில்லை நான்.
ரோடு அங்கே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆரியங்காவு டீக்கடையில்
ரப்பர் பால் வாளியோடு நின்றவள்
என்னைப் பார்க்கவில்லை. கேரியரைப் பார்த்தாள்.
"அந்த மூணாவது காலு நான் வைக்கச் சொன்னது.
நூத்தம்பது ரூவா."

பேர் முப்பிடாதி.
ஒன்பது வருஷம் ஓட்டினாளாம்.
பிடிபட்ட அன்றைக்கு வெறும் பதினாலு கிலோவாம்,
அதுவும் வீட்டுச் செலவுக்காம்.
நான் தலையாட்டினேன்.
"எம்புட்டுக்கு எடுத்திய?"
ஏழால் வகுத்து, நானூற்று ஐம்பத்தேழு என்றேன்.
"நான் கட்டின அபராதமே அதுக்கு மேல" என்று
சிரித்தாள், வெகுநேரம்.
பிறகு சேலையை இழுத்துச் செருகி,
"ஒரு சுத்து போயிட்டு வாரேன்."

கழுதுருட்டிப் பக்கம் ஒரே இறக்கம்.
வளைவில் பச்சை மறைந்தது.
என் டீ ஆறியது. இன்னொன்று சொன்னேன்,
அதுவும் ஆறியது.
கையில் அவளுடைய வாளி, பால் இறுகிக்கொண்டிருந்தது.
கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடி
"வரும்" என்றார்.
இரண்டு மொழியிலும் அதே சொல்.

நாற்பது நிமிஷம் கழித்து,
தள்ளாமல்,
மிதித்தே மேடேறி வந்தாள்.
"பிரேக்கு பிடிக்குதே" என்றாள், ஆச்சரியமாக.
"நான் காலைத்தான் ஊணுவேன்."
வாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

கோட்டைவாசல் ஏற்றத்தில்தான் தெரிந்தது,
முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது.
சீட்டை இரண்டு விரல் இறக்கியிருந்தாள்.
யாரிடம் ஸ்பேனர் வாங்கினாளோ.

இடிக்க இடிக்க ஏறி
இடிக்க இடிக்க இறங்கி
விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தேன்.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்
சட்டைப்பையிலேயே இருந்தது.