எட்டு நாற்பத்தொன்று

இன்றைக்கும் விழுந்தது.
வெள்ளைச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம்
போத்தலோடு கவிழ்ந்ததுபோல்
திரை முழுக்க.
மூலையில் சாய்ந்தபடி ஒரு சோக முகம்,
ஏதோ தனக்குத்தான் நட்டம் என்பதுபோல்.

நூறு கை ராட்சதனுக்கு
உயிர் நகக்கண் அளவு மிச்சம்.
கோடரியை ஓங்கினேன்.
ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க
ஸ்பீக்கரில் மட்டும்
ர்ர்ர்ர் என்று ஒரே எழுத்து.

கொப்பி வைத்திருக்கிறேன்,
எண்பது பக்கம், ஒற்றை றூள்.
திகதி, நேரம், திரை சொன்ன காரணம்.
ஒருநாள் ட்றைவர் என்கிறது.
மறுநாள் கேர்னல்.
போன வியாழன் நினைவகத்தில் பிழையாம்.
நினைவில் பிழை என்று யாழ்ப்பாணத்தில் வாய் திறந்தால்
கருத்தரங்கு வைத்துவிடுவார்கள்.
எனக்குத் தெரியவேண்டியது
எந்த ரம், எந்தத் துளை.

கிராபிக்ஸ் ட்றைவரை வேரோடு பிடுங்கிப்
பழையதை நட்டேன்.
வின்டோஸை அழித்து ஏற்றினேன், இரண்டு தரம்.
விடிய விடிய நினைவகச் சோதனை ஓடவிட்டுப்
பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல்.
நாலு சுற்று. பிழை பூச்சியம்.
அதைப் பார்த்த பிறகுதான்
உண்மையில் பயம் வந்தது.

கஸ்தூரியார் வீதி மதுரகன்
பக்கமூடியைக் கழற்றினான்.
"அக்கா, குருநகரோ?"
எப்படித் தெரியும் என்றேன்.
ஸ்குறூத் தலைகளைக் காட்டினான், பச்சை பூத்திருந்தன.
உப்புக்காற்று விலாசம் எழுதாமல் விடுவதில்லை.
அவன் கடையில் மூன்று நாள் ஓடியது,
ஒருமுறைகூட விழாமல்.
டொக்டரைக் கண்டால் இருமல் நிற்குமே, அப்படி.

பகலில் நான் அடகுப் பிரிவில்
ஊராரின் தங்கத்தைக் கல்லில் உரைப்பவள்.
அன்றிரவு அழிறப்பரால்
ரம்மின் தங்கப் பற்களைத் தேய்த்தேன்.
வெறும் முலாம்தான்.
ஆனாலும் கை நடுங்கியது.

பிறகு ஒரு புதன்கிழமை
காரணங்களை எல்லாம் மறைத்துப் பிடித்துக்கொண்டு
நேரத்தை மட்டும் வாசித்தேன், மேலிருந்து கீழே.
8.41. 8.40. 8.43. 8.41.
சனிக்கிழமை ஒன்றுமில்லை.
ஒரு சனியிலும் இல்லை.

சனி இரவு எங்கள் கரையில் வள்ளம் இறங்காது.
வள்ளம் இறங்காவிட்டால் ஐஸ் வேண்டாம்.
ஐஸ் வேண்டாமென்றால் முடக்கில் இருக்கும் கொம்பனியில்
அரைக்கும் மிஷின் போடமாட்டார்கள்.

ஜன்னலைத் திறந்து காத்திருந்தேன்.
தூரத்தில் ஒரு கடகட.
பல்ப் கண்ணைச் சிமிட்டியது.
பான் ஒரு மூச்சைத் தவறவிட்டுப் பிடித்தது.
பெட்டி பிடிக்கவில்லை.

மிஷின் போடுகிறவன் அனிஸ்ரன்.
ஆறு மாதமாய் என் அணியில் ஆடுகிறவன்.
ஒன்பதரைக்கு வேலை முடிந்து வந்து
ஹெட்செற்றில் ஏசுகிறவன்:
"நான் வரேக்க ஒருநாளும் நீ நிக்கிறேல்ல.
ராட்சதனைக் கண்டா ஓடுற ஆள்."

கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
ஐஸ் ஈரத்தோடு விரலை வைத்தான்,
8.43 கரைந்தது.
"அண்டைக்கு பெல்ற் அறுந்தது," என்றான்,
"ரெண்டு நிமிசம் பிந்தித்தான் போட்டனான்."
இருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
பின்னால் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்
எங்களைப் பார்த்து ஏதோ நினைத்திருப்பார்கள்.

நல்ல பவர் சப்ளைக்கு மதுரகன் சொன்ன விலை
என் சம்பளத்தில் பாதி.
அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு:
8.39க்கு ஒரு மிஸ்கோல்.
நான் ஆட்டத்தைச் சேமித்துப் பெட்டியை நித்திரையாக்கி
இருட்டில் கதிரையில் இருப்பேன்,
ஊருக்கு ஐஸ் அரைபடும்வரை.

நேற்று மறந்துபோனான்.
கொப்பியை எடுத்து எழுதினேன்.
நேரம்: 8.41.
காரணம்: அனிஸ்ரன்.