பதினோரு நாள்

பகலில் நான் பல் செய்கிறவன்.
பில்சென் நகரில், ட்ராம் பணிமனைக்கு எதிரே,
இரண்டாம் மாடி.
வெள்ளைவெளேர் என்ற பல்லை யாரும் நம்புவதில்லை.
ஈறோரம் தேன்நிறம் ஒரு பொட்டு,
கடிக்கும் விளிம்பில் சாம்பல் கலந்த நீலம்,
காபி பிரியர்களுக்கு மயிரிழை விரிசல் ஒன்று.
கொஞ்சம் அழுக்கு வைத்தால்தான்
பொய்ப்பல்லை வாய் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும்.

இரவில் அதே தூரிகை.
முப்பத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிய டாங்கி;
உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும்,
குழல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அடியில் துருநிறம்.
அதன்மேல் த்ரஹோமீராவின் கேச ஸ்ப்ரே, இரண்டு பூச்சு.
அதன்மேல் பச்சை.
காய்ந்தபின் ஈரத் தூரிகையால் சுரண்டினால்
பச்சை செதில் செதிலாய் உதிர்ந்து
அடியிலிருக்கும் வருடங்கள் தெரியும்.
"கல்யாணத்துக்குப் போக என் தலைக்கு ஸ்ப்ரே இல்லை,
உன் டாங்கிக்கு இருக்கிறது."
உண்மைதான். புது டப்பா வாங்கி வந்தேன்.
அதிலும் பாதியை டாங்கி குடித்தது.

பிறகு எண்ணெய் வண்ணங்கள்:
மஞ்சள், வெள்ளை, நீலம்,
அம்மை வார்த்ததுபோல் உடம்பெங்கும் ஊசிமுனைப் புள்ளிகள்.
தின்னர் தொட்டு, மழை வழியும் திசையில்
மேலிருந்து கீழே இழுத்தால்
புள்ளிகள் கரைந்துபோய்
ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் மிஞ்சும்.
சேற்றுக்கு நிஜ மண்.
பெரௌன்கா ஆற்றங்கரையில் அள்ளி
சட்டியில் வறுத்து, பழைய காலுறையில் சலித்தது.
(மண்ணோடு வறுபட்ட புழுக்களைப் பற்றி
எங்கள் வீட்டில் பேசுவதில்லை.)

ஏழு மாதம்.
சக்கரத்து போல்ட்டுகளுக்குக்கூட விட்டுவைக்கவில்லை துருவை.
வெந்தெலீன் மூக்குக்கருகே பிடித்துப் பார்த்து
"தொட்டால் டெட்டனஸ் ஊசி போடணும்போல" என்றான்.
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போட்டி, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே நீள மேசைகள்.
நடுவர் ஹெட்விகா பேனா டார்ச்சுடன் குனிந்தார்.
சுழல்மேடையின் எண்ணை வாய்விட்டுப் படித்தார்.
"இந்த எண்தானா?"
"ஆமாம்."
"களத்துக்கு வந்து எத்தனை நாள் ஓடியது, தெரியுமா?"

தெரியும்.
தெரிந்திருக்க வேண்டும்.
சந்தையில் எடைக்கு வாங்கிய புகைப்படக் கட்டில் அதுவும் இருந்தது.
பின்புறம் பென்சிலில் இரண்டு தேதிகள்,
இரண்டாவதன் பக்கத்தில் சின்னச் சிலுவை.
அந்த எண்ணைத்தான் எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தேன்.
தேதிகளைக் கழித்துப் பார்த்ததில்லை.
அங்கேயே, வார்னிஷ் வாடைக்கு நடுவே,
விரல் விட்டு எண்ணினேன்.
இரண்டு கையும் போதவில்லை,
ஒன்று மிச்சம்.

"துருப்பிடிக்க அதற்கு நேரம் ஏது?"
டார்ச்சை அணைத்துவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்.

பதக்கத்தைப் பற்றி எழுதினால் புலம்பலாகிவிடும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழுவினேன்.
ஏழு மாதம் சாக்கடையில் இறங்க
முக்கால் மணி நேரம்.
மறுபடி பச்சை; சலிப்பூட்டும், புத்தம்புது பச்சை.
புகைபோக்கிக்கு மட்டும் துரு:
சூடு அதை ஒரே வாரத்தில் செய்துவிடும்.
சங்கிலிப் பட்டையில் மண், அடிவயிற்றில் தூசு.
வேறென்ன நடக்கும் பதினோரு நாளில்?

பல்லுக்குப் போடும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு
படத்தை மறுபடி பார்த்தேன்.
ஓட்டுநரின் மூடி திறந்திருக்கிறது.
விளிம்பைப் பிடித்தபடி நான்கு விரல்கள்.
முகத்தைப் படச்சட்டம் வெட்டிவிட்டது.
ஏறவும் இறங்கவும் அவன் பிடித்த இடத்தில்,
அங்கே மட்டும்,
பெயின்ட் தேய்ந்து இரும்பு மினுங்குகிறது.

பென்சில் முனையைப் பொடித்து
விரலில் தொட்டேன்.
என் விரல் அந்த மூடியையே மறைத்தது.
பல்குச்சி முனைக்கு மாறினேன்.
நான்கு தேய்ப்பு. ஐந்தாவதற்குக் கை நின்றது.

காலையில் வேலை மேசையில் புதுச் சீட்டு:
மேல் முன்பல் ஒன்று, சைக்கிள் விபத்து,
வயது பத்தொன்பது.
தேன்நிறப் புட்டியைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து
மூடினேன்.