கொம்பில் ஒரு சுழி கூடுதல்

விளம்பரத்துக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு
என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டாள் ஆவுடை.
அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால்
தேங்காயில் பிடிப்பேன் என்றாள்.
தேங்காயில் பிடித்தால் சொதி ஏது?
வாயை மூடிக்கொண்டேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி,
மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
ஆறு மேசை, இருபத்திரண்டு நாற்காலி,
அதில் இரண்டுக்குக் கால் ஆட்டம்.

முதல் மாதம் நோட்டீஸ்.
மஞ்சள் தாள், ஆயிரம்.
பேப்பர் போடும் பையனுக்குத் தனியாக இருநூறு.
மூன்றாம் நாள் பக்கத்து டீக்கடையில்
எங்கள் பெயரின் மேல் உட்கார்ந்து
எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தது ஓர் உளுந்தவடை.
ஆவுடை அதையும் கணக்கில் ஏற்றினாள்:
"நோட்டீஸ், வடைக்கு."

அடுத்த மாதம்
வீடியோ போடுகிற தம்பி வந்தான்.
பதினைந்தாயிரம், சாப்பாடு தனி.
போனை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு
"ஆவி வரணும்க்கா, ஆவி" என்றான்.
சோற்றுக்கு ஆவி வரும் தம்பி,
பதினைந்தாயிரம் கொடுத்தால்
எங்களுக்குப் போகும்.

பிறகுதான் போர்டு.
ஜெபசிங் அண்ணாச்சி கைராசிக்காரர்.
அம்மன் கொடைக்கும் அவர்தான், கட்சிச் சுவருக்கும் அவர்தான்,
சர்ச் அசனத்துக்கும் அவர் எழுத்துதான்.
ஒன்பது சாப்பாடு கழித்து ஆயிரத்து முந்நூறு.
ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிட்டுப் போனார்.
விடிந்து பார்த்தால்
'சொதி மெஸ்', 'சோதி மெஸ்' ஆகியிருக்கிறது.
கொம்பில் ஒரு சுழி கூடுதல்.

போன் போட்டேன்.
"ஒரு சுழிதானம்மா, நாளைக்கு வந்து அழிச்சிருதேன்."
நாளைக்குக் கடையத்தில் கொடை.
மறுநாள் முக்கூடலில்.

பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குகிற நேரம்.
கையில் சீட்டோடு ஒருத்தர் வாசலில் நின்றார்:
"சுகர் சோதிக்கது இங்கதானா?
வெறும் வயித்துல வரச் சொன்னாவ."

வெறும் வயிறு.
ஆவுடை என்னைப் பார்த்தாள்.

"லேப் அந்தால இருக்கு, மூணாவது கடை.
ரத்தம் குடுத்துட்டு இங்க வாங்க.
இது சொதி. பாசிப்பருப்பு, தேங்காப்பால், முருங்கைக்காய்.
தொட்டுக்க இஞ்சிப்பச்சடி."

போனார். வந்தார்.
முழங்கை மடிப்பில் பஞ்சை இறுக்கியபடியே
மற்றக் கையால் சாப்பிட்டார்.
இரண்டாம் முறை சோறு கேட்டபோது
ரிசல்ட்டை நினைத்து எனக்குத்தான் பயம்.

அதிலிருந்து தினமும் யாராவது.
சிறுநீர் சோதிக்க வந்தவர், கண் சோதிக்க வந்தவர்.
திசையன்விளைக்காரி ஒருத்தி
"சோதி அண்ணாச்சி இல்லையா?" என்றாள்.
"அடுப்புல இருக்காவ" என்றாள் ஆவுடை, சிரிக்காமல்.
ஒவ்வொருவருக்கும் நாங்கள் அந்த எழுத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும்.
திருத்திச் சொன்னால் சொதி எதுவென்று சொல்ல வேண்டும்.
சொல்லி முடிப்பதற்குள்
பாதிப்பேர் நாற்காலியை இழுத்துவிடுகிறார்கள்.

லேப்பில் இருக்கிற பெனிட்டாவை
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
அவளாகவே சொல்லி அனுப்புகிறாள்:
"சோதில சாப்ட்டுட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க."
சனிக்கிழமை அவளுக்கு ஒரு தூக்குச்சட்டி போகிறது.
அதை விளம்பரத்தில் எழுதுவதா
சிநேகத்தில் எழுதுவதா என்று
ஆவுடைக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.
நோட்டில் அந்த வரி மட்டும் பென்சிலில்.

ராத்திரி இன்னும் ஈதான் ஓட்டுகிறோம்.
ஆஸ்பத்திரி விளக்கு எங்கள் காலி மேசைகளில் விழும்.
அதையும் சொல்ல வேண்டும்.

ஏழு வாரம் கழித்து வந்தார் ஜெபசிங்,
ஏணியோடு, ஒரு கிண்ணம் வெள்ளைப் பெயிண்டோடு.
மதியம் ஒன்றரை.
உட்கார இடமில்லாமல் நாலைந்து பேர்
அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
"அழிக்க இருநூறு" என்றார்.
"தப்பு உங்களது, துட்டு எங்களதா?"
"பெயிண்ட் விலைக்குத் தப்பு ரைட்டு தெரியாதும்மா."
ஆவுடை நோட்டைப் புரட்டினாள்.
இந்த மாதம் மிச்சம் நூற்றைம்பது.

நூற்றைம்பதுக்கு முக்கால் சுழிதான் போகும் என்றார்.

கால் ஆடுகிற நாற்காலி ஒன்று அப்போது காலியானது.
உட்காரச் சொல்லி
இலை போட்டோம்.