ஏழாம் தாள்

பிலவேந்திரன் செதுக்கியது ஏழு தகடுகள்.
பகலில் பெரம்பூர் பணிமனையில்
எஞ்சின்களுக்குப் பெயர்ப்பலகை வெட்டுகிற வேலை.
இரவில், மிஞ்சிய செம்பில்,
காசிமேட்டுக் கிரேன் மேல் வந்தமர்ந்த
சிறகுள்ள ஆறு பேரைப் பார்த்தபடியே வெட்டினார்.
பார்த்தேன் என்றுதான் சொல்வாராம்.
நினைத்தேன் என்று ஒருமுறைகூட இல்லை.

தகட்டுக்குப் பன்னிரண்டு தாள்.
நிறம் தீட்டியது தங்கை சலேத்தம்மாள்:
வானத்துக்குச் சொட்டு நீலம்,
நெருப்புக்குச் சுண்ணாம்பில் சிவந்த மஞ்சள்.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் எண் சரிபார்க்கிறவன்.
கணக்கில் ஒன்று குறைந்தால் தூக்கம் வராது.
பதினாறு வருஷத்தில் ஆறு தாள் சேர்த்தேன்.
மின்ட் தெருப் பழைய பேப்பர் கடையில்
வறுகடலைக்குப் பொட்டலமாக இருந்தது ஒன்று.
ஐந்தாவதுக்காக பைக்கை விற்றேன்.
திருடு போனதென்றேன் வீட்டில்.
அவள் நேராக ராயபுரம் ஸ்டேஷன் போய்
புகார் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏழாவது என்றாலே வியாபாரிகள் உதடு பிதுக்குவார்கள்.
"அது கெட்ட தாள் சார்.
எழுத்தைத் திருப்பி வெட்ட மறந்துட்டான் மனுஷன்.
அச்சு மொத்தமும் இடம் வலம் மாறிடுச்சு."

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த ஒரு மதியம்,
கூட்ஸ் வண்டி நகர்வதாயில்லை என்று
முனிரத்னம் சலூனில் ஏறி உட்கார்ந்தேன்.
கழுத்தில் துணி. தொண்டையில் கத்தி.
எதிர்க் கண்ணாடியில், என் காதுக்குப் பின்னாலிருந்து:

உப்பே, என்னை எழுது.
அழிப்பது அலையின் வேலை.
நடுவில் ஒரு நண்டு
யாரையும் கேட்காமல் பக்கவாட்டில் போகிறது.

திரும்பினேன். கத்தி கீறியது.
சுவரில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னே நின்றன,
கால்கள் முன்னே.
ப மட்டும் ப-வாகவே இருந்தது.
மறக்கவில்லை அந்த ஆள்.

படிகாரத்தைத் தேய்த்தபடி முனிரத்னம் சொன்னார்:
"எங்க நைனாகிட்ட ஷேவிங் பாக்கி வச்சிருந்தாரு.
அதுக்கு அவரே ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போனது.
மூணு மாசக் கடை வாடகை நிக்குது சார்.
அத்த கட்டிட்டு எட்த்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போனேன்.
நான் அப்படிப்பட்டவன்தான்.

பீரோவில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே
ஏழும் இருக்கின்றன. கணக்கு சரி.
கண்ணாடி பிடித்துப் படிக்கப் போனால்
இரண்டாம் வரியில் என் மூக்கு வந்து நிற்கிறது.

போன புதன் ராத்திரி போன் வந்தது.
"சார், ஒரு கஸ்டமர் உக்காந்துனுகிறாரு.
அலையோட வேலை வரைக்கும் சொல்லிட்டாரு.
அப்பால இன்னா?"

ஸ்பீக்கரில் போடு என்றேன்.
பூட்டைத் திறந்து, ஒரு கையில் தாள்,
மறு கையில் சவரக் கண்ணாடி.
கரண்ட் இல்லை. அவள்தான் டார்ச் பிடித்தாள்.
ஏழையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்,
பைக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"நடுவில் ஒரு நண்டு," என்று ஆரம்பித்தேன்.
அந்தப் பக்கம் கத்தரி நின்றது.