நான்கு மணி

ஆக்லாந்தில் ஞாயிறு மாலை ஆறுக்கு ஏறினால்
சாந்தியாகோவில் அதே ஞாயிறு பகல் ஒன்றுக்கு இறங்கலாம்.
பதினோரு மணி நேரம்,
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
கீழே தண்ணீர், அதற்கப்புறமும் தண்ணீர்.

சண்டை நான்கு மணிக்கு.
விமான நிலையத்தில், காபி இயந்திரத்தின் பக்கம் நின்று,
அப்பாவின் படகை விற்றதற்காக
தம்பி லவுதாரோவைப் போனில்
திருடன் என்றேன்.

முப்பத்தொன்றாம் வரிசையில்
காகிதக் குவளையின் மேல் கணக்குப் போட்டேன்:
ஒன்றுக்கு இறங்கினால்
அந்தச் சொல்லுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
திரையில் குட்டி விமானம்
தேதிக்கோட்டைத் தாண்டியதும்
கடன் தள்ளுபடியானவள் மாதிரி தூங்கிப்போனேன்.

வெளியே நின்றிருந்தான்.
கண்ணெல்லாம் சிவப்பு.
என் நான்கு மணி
அவனுக்கு நேற்று நள்ளிரவு.
விடியவிடிய அதனோடு படுத்துக் கிடந்திருக்கிறான்.

பெட்டியை வாங்கிக்கொண்டான்.
வால்பராயிசோவுக்கு ஒன்றரை மணி நேரம் என்பார்கள்.
மழை. வைப்பரின் சத்தம் மட்டும்.
இந்தத் தூரத்தை எந்தத் திரையும் காட்டவில்லை.

சமையலறைக் கடிகாரத்தில் நான்கு.
வாயைத் திறந்தேன்.

"ரொட்டி வாங்கணும்," என்றான்,
சாவியைத் தேடிக்கொண்டே,
"வர்றியா, இஸ்மெனியா?"