ஈர எடை

பிடிபட்ட அன்று மாட்டுத்தாவணியில் மழை.
மகஜரில் இருபது கிலோ முன்னூறு கிராம் என்று இருக்கிறது.
மழை பெய்தது என்று இல்லை.

சொத்து அறைச் சாவி பன்னிரண்டு வருஷமாக என்னிடம்.
மூட்டைகளின் வாடை மூக்குக்குப் பழகிவிட்டது,
புடவைக்குப் பழகவில்லை.
அண்ணா நகர் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பையன்
ஒருமுறை முகர்ந்து பார்த்து
என்னிடம் மரியாதையாகச் சிரித்தான்.
எலிகள் பற்றி மூன்று தரம் எழுதிப் போட்டேன்.
எலிகள் எந்தப் பிரிவில் வரும் என்று
யோசிக்கிறார்கள் போல.

இருபதைத் தாண்டினால் வணிக அளவு.
குற்றம் உறுதியானால் பத்து வருஷத்துக்குக் கீழே
இறங்க நீதிபதிக்கே வழி கிடையாது.
இருபதுக்குள் நின்றால் இறங்கலாம்.
நடுவில் இருப்பது
ஒரு கை காய்ந்த பூ.

விருமாயிக்கு எழுமலைப் பக்கம்.
ஆரப்பாளையத்தில் வாங்கி மாட்டுத்தாவணியில் கொடுக்க
எண்ணூறு ரூபாய் பேச்சு.
கொடுத்தவன் குற்றப்பத்திரிகையில் இரண்டாம் எதிரி,
பெயருக்கு நேரே 'தலைமறைவு'.
வாங்க இருந்தவன் மூன்றாம் எதிரியாகக்கூட இல்லை.
பீடி வாடையே ஆகாது எனக்கு, என்கிறாள்.
சட்டம் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

டீக்கடையில் வக்கீல் சிக்கந்தர் சொன்னார்:
"கவர்மெண்டே விக்கட்டும், பில்லு போட்டு.
கடத்துறவன் கடையைக் கட்டிருவான்."
ஏட்டு பரமநாதன் விடவில்லை:
"அப்ப ஸ்கூல் வாசல்ல நிக்கிறவனுக்கு
லைசென்ஸ் குடுத்துருவமா சார்?"
குரல் ஏறியது. கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார்.
பிறகு இரண்டு பேரும்
ஒரே பேப்பரைக் கிழித்து
வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இரண்டு கட்சியிலும் ஆள் உண்டு.
அண்ணன், அரசாங்கமே விற்றதைக் குடித்துப் போனான்.
காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோனால்
பத்து ரூபாய் தருகிறார்கள்.
அண்ணி பதினேழு பாட்டில் கொண்டுபோனாள்,
கருமாதிக்கு மறுநாள்.
அவன் மகன் ரூபன்
வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து
ஊசியில் ஏற்றிக்கொண்டான், செல்லூர்க் கண்மாய்க் கரையில்.
பத்தொன்பது வயது.
சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை.
அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தது,
நேராக, அழகாக.

திறந்துவிடு என்றால் ரூபன் வருகிறான்.
பூட்டு என்றால் விருமாயி வருகிறாள்.
அண்ணன் எதற்கும் வருவதில்லை,
அவன் விஷயத்தில் வழக்கே இல்லை.

இன்று மறு எடை. நீதிமன்ற உத்தரவு.
பூவும் காயும்தான் கஞ்சா, என்றார் சிக்கந்தர்.
தண்டு கணக்கில் வராது,
தனியே உதிர்ந்த இலை வராது, விதை வராது,
மழைத்தண்ணீர் எந்த அட்டவணையிலும் இல்லை.
அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார்,
மறுபடி எழுந்தார்.
வேப்பம்பூவில் குச்சி பொறுக்குவது போல
நானும் பரமநாதனும்
செய்தித்தாள் விரித்துப் பொறுக்கினோம்.
தாளில் யாரோ போதைக்கு எதிராகக் கைகோத்து நின்றார்கள்,
அவர்கள் முகத்தில் விதைகள் விழுந்தபடி இருந்தன.

தராசைப் போட்டேன்.
தட்டில் ஒன்றும் இல்லை.
நாற்பது கிராம் காட்டியது.
ஓரத்து முத்திரையின் தேதி
எட்டு மாதம் முன்பே முடிந்திருந்தது.
போன எட்டு மாதத்தில் இதில் ஏறியவர்களை
மனசுக்குள் எண்ணினேன்:
ஒத்தக்கடை வழக்கு, ரயில் வழக்கு,
திருமங்கலத்துத் தகப்பனும் மகனும்.
அதில் ஒருவன் பத்து கிராமில் தாண்டியவன்.

சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"கழிச்சுக்கலாம், எழுதிக்குங்க" என்றார் யாரோ.
நாற்பது கிராமைக் கழிக்க முடியும்.

மூட்டையை ஏற்றினோம்.
பூ பறக்கிறதே என்று மின்விசிறியை நிறுத்தினார்கள்.
கூண்டுக்குள்ளிருந்து விருமாயி,
சந்தையில் கேட்பது போல,
"கூடவா கொறச்சலா தாயி?" என்றாள்.

இரு, என்றேன்.
எண் இன்னும் நிற்கவில்லை.