அறுபத்தொரு நிமிடம்

மார்ச் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும்.
இன்றைக்குப் பதின்மூன்று.
குசினி மேசை முழுக்க இல்லத்துப் பில்கள்,
மாதத்துக்கு ஒன்றாய்ப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் உங்களை மூன்று துண்டாய்
அளந்து வைத்திருக்கிறார்கள்:
தங்கல். கவனிப்பு. தாதிமை.

தாதிமை நோய்க்கணக்கு, கழிக்கலாம்.
தங்கல் சீவியக்கணக்கு, கழியாது.
எவரும் எங்கேயாவது சாப்பிட்டு
எங்கேயாவது படுத்துத்தானே ஆக வேண்டும் என்று
லாங்கென்தால் வரிக் கந்தோரில் திருமதி ஏஷ்லிமன்
என் அரைகுறை ஜெர்மனுக்கு ஏற்றபடி
மெதுவாக விளங்கப்படுத்தினா.
நடுவில் கிடக்கிற கவனிப்புத்தான் சிக்கல்.
அது உங்கள் கணவரின் நிமிடங்களைப் பொறுத்தது, என்றா.

ஒரு நாளைக்கு ஓர் உடம்புக்குச் செலவாகிற
பிறத்தியார் கைகளின் நிமிடம்.
அறுபதைத் தாண்டினால் நீங்கள் வலுவிழந்தவர்,
கவனிப்பும் சேர்ந்து கழியும்.
தாண்டாவிட்டால் வெறும் வருத்தக்காரர்;
வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தை
நாங்களே விழுங்கிய பிறகுதான் மிச்சக் கதை.

போன வருடம் இதே மேசையில்
உங்களுக்கு அறுபத்தொன்று.
குளிப்பாட்டப் பதினெட்டு, உடுப்பு மாட்ட ஒன்பது,
மாத்திரைக்கு ஆறு, ஊட்டிவிட எட்டு,
கழிவறைக்கு நாலு தரம், தரத்துக்கு ஐந்து.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
ஒரு நிமிடத்தால் தப்பினோம் என்று மூச்சு விட்டேன்,
நீங்கள் ஏதோ சோதனை பாஸ் பண்ணியது போல.

என்ன மொழி இது.
நீங்கள் கழித்தால் அவர்களுக்கு வேலை.
நான் கழித்தால் எங்களுக்குக் காசு.
நாள் கழிந்தால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஞாயிறுகளில் நான் வெட்டிவிடுகிற நகம்
இந்தத் தாளில் வராது.
கோணின வாயால் நீங்கள் சொன்னது
குடையா கடையா என்று
இருபது நிமிடம் மல்லுக்கட்டியதும் வராது.
காசு வாங்காத கைக்குக் கழிவில்லை.

பிறகு ஒக்டோபரில் பெசார்த்தா போன் எடுத்தாள்,
அந்தக் கொசோவோப் பிள்ளை, ஒரே சத்தம்:
"ஹெர் தவனேசன் தானே சேட்டுத் தெறி பூட்டுறார்!"
பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது.
நான் வேலையிடத்தில், சூடான போர்வையை மடித்தபடி,
நல்லது, நல்லது என்றேன்.
வாய் நல்லது என்க
தலை கணக்குப் பார்த்தது:
அறுபத்தொன்றில் எட்டுப் போனால் ஐம்பத்து மூன்று.
நவம்பரிலிருந்து புதுத் தாள்.
இரண்டு மாதக் கவனிப்பு, மூவாயிரத்துச் சொச்சம் பிராங்க்,
அப்படியே நழுவும்.

யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்.
வருடம் முடியும் வரைக்குமாவது
அந்தத் தெறி உங்கள் விரலில் வழுக்கியிருக்கக் கூடாதா என்று
ஒரு பஸ் தரிப்பிலிருந்து அடுத்த தரிப்பு வரைக்கும் நினைத்தேன்.
இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.
மழைக்குள் திரும்பி நடந்தேன்.

சனிக்கிழமை வந்து பார்த்தேன்.
நீலச் சேட்டு. வலது கை மடியில் கிடக்க
இடது கை தனியாக ஏறி இறங்கியது.
பதினோரு நிமிடம். எந்தத் தாளும் அதைக் கேட்கவில்லை.
முடிந்தபோது மேலே ஒரு துவாரம் மிச்சம்,
கீழே ஒரு தெறி மிச்சம்.
பெசார்த்தா சரிசெய்யக் குனிந்தாள்.
விடு பிள்ளை, என்றேன், தமிழில்.
அவளுக்கு விளங்கியது.

பத்து மாதம் அறுபத்தொன்று,
இரண்டு மாதம் ஐம்பத்து மூன்று.
முதலில் பென்சிலால் எழுதினேன்,
பிறகு அதன் மேலேயே பேனையால்.
உறையில் ஒட்ட முத்திரை இல்லை.
தபால் கந்தோர் எட்டு மணிக்குத் திறக்கும்.
எனக்கு ஏழு மணிக்கு வேலை.